குறுந்தொலைவு ஃப்ரீஸ்டைலில் வழக்கத்துக்கு மாறான நீச்சல் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

50 மீட்டர், 100 மீட்டர் நீந்துவோருக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், குளத்தின் விளிம்பில் நிற்கும்போது என்னிடம் கேட்கப்படும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் விசித்திரமாகக் கைவீசி வெல்வதைப் பார்த்துவிட்டு வருபவர்களின் ஐயங்களே இவற்றுள் பெரும்பாலானவை. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

1. ஃப்ரீஸ்டைல் என்றால் குப்புறப் படுத்துக் கைமாற்றி நீந்துவதுதானே? வேறு மாதிரி நீந்தினால் தகுதி நீக்கம் செய்துவிடுவார்களா?

செய்ய மாட்டார்கள். ஃப்ரீஸ்டைல் என்பது ஒரு நீச்சல் முறையின் பெயர் அன்று. எந்த முறையிலும் நீந்தலாம் என்ற அனுமதியின் பெயர். நாம் அனைவரும் ஃப்ரீஸ்டைல் என்று பழகிய பொருளில் அழைக்கும் முறைக்குக் கிரால் என்று பெயர். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போட்டியில் ஒருவர் பட்டாம்பூச்சி முறையில் நீந்தினாலும் அது செல்லுபடியாகும். நான்கு முறைகளையும் அடுத்தடுத்து நீந்தும் தனிநபர் மெட்லியிலும் மெட்லி தொடர் நீச்சலிலும் மட்டும், மல்லாந்து நீந்துதல், மார்பு நீச்சல், பட்டாம்பூச்சி ஆகிய மூன்றும் அல்லாத முறையில் ஃப்ரீஸ்டைல் பகுதியை நீந்த வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு.

மீறக் கூடாதவை வேறு சில. ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் உடலின் ஏதேனும் ஒரு பகுதி சுவரைத் தொட வேண்டும். தொடக்கத்துக்கும் திருப்பத்துக்கும் பிறகு 15 மீட்டருக்குள் தலை நீர்ப்பரப்புக்கு மேலே வந்துவிட வேண்டும். அதன் பின் உடலின் ஒரு பகுதியாவது நீருக்கு வெளியே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். லேன் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. குளத்தின் தரையில் நிற்கலாம், நடக்கக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. விரைவுப் போட்டியில் அது யாருக்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

2. அப்படியானால் எது 'வழக்கமான' முறை? அதை யார் தீர்மானித்தார்கள்?

கடிகாரம் தீர்மானித்தது. 1844இல் லண்டனில் நடந்த ஒரு போட்டியில் வட அமெரிக்காவின் ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த இருவர் கைகளை நீருக்கு மேலே வீசி நீந்திக் காட்டினர். மார்பு நீச்சலே நாகரிகமானது என்று கருதிய அன்றைய ஆங்கிலேயர்களுக்கு அது முரட்டுத்தனமாகத் தெரிந்தது. காற்றாலையின் இறக்கைகள் போல நீரை அடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பின்னர் ஜான் டிரட்ஜன் கைகளை மேலே வீசும் முறையை இங்கிலாந்தில் பரப்பினார். சாலமன் தீவுகளில் பிறந்த அலிக் விக்கமும் ஆஸ்திரேலியாவின் கேவில் குடும்பத்தினரும் அதனோடு மேலும் கீழுமான உதைப்பைச் சேர்த்தனர். 1922இல் ஜானி வைஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 விநாடியில் நீந்தி, ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதரானபோது, கிரால் வழக்கமாகிவிட்டது.

இன்று பாடப்புத்தக முறை என்று கற்பிக்கப்படுவது இதுதான்: நீருக்கு மேலே முழங்கை உயர்ந்து மடங்கி முன்னே வரும், நீருக்கு அடியில் முழங்கை உயரத்தில் நின்று முன்கை துடுப்பாகும், இரு கைகளுக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்கும், இரு கைகளும் ஒவ்வொரு முறை இழுத்து முடிக்கும் ஒரு சுற்றுக்கு ஆறு உதைப்புகள் விழும், பார்வை குளத்தின் தரையை நோக்கியிருக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றுவதையே இந்தப் பக்கத்தில் வழக்கத்துக்கு மாறானது என்று குறிப்பிடுகிறேன்.

3. கையை மடக்காமல் காற்றாலை போலச் சுற்றுகிறார்களே, அது தவறான பழக்கம் இல்லையா?

தவறு என்று சொல்ல முடியாது. 1844இல் ஏளனமாகச் சொன்ன அதே காற்றாலை உவமையை இன்றும் கேட்கிறேன் என்பதுதான் வேடிக்கை. சாரா ஷோஸ்ட்ரோம் 50 மீட்டரில் கைகளை ஏறக்குறைய நேராகவே வீசுகிறார். 2023இல் ஃபுகுவோகாவில் 23.61 விநாடியில் உலக சாதனை படைத்தார். கேலப் டிரெஸ்ஸல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டரை 21.07 விநாடியில் வென்றதும் நேர்கை வீச்சை ஒட்டிய முறையில்தான். தொலைதூர வீராங்கனையான ஜேனட் எவன்ஸ்கூட 1988இல் சியோலில் மூன்று தங்கங்களை இத்தகைய வீச்சோடு வென்றார்.

ஆனால் இதை மட்டும் வைத்து நேர்கையே வேகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அலெக்சாண்டர் போபோவ், அவசரமே இல்லாதது போலத் தெரியும் மடிகை வீச்சோடு 50 மீட்டரை 21.64 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சிட்னி ஒலிம்பிக் தொடர் நீச்சலின் முதல் 100 மீட்டரை 48.18 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்த மைக்கேல் கிளிம், இறுதி மீட்டர்களில் நேர்கைக்கு மாறும் வழக்கம் உடையவர். சில மாத இடைவெளியில் இரண்டு முறைகளும் உலகின் உச்சத்தில் இருந்திருக்கின்றன.

4. மடக்கிய கை சிறியது, எளிதாகச் சுழலும். நீட்டிய கை எப்படி வேகம் தர முடியும்? இயற்பியலே இடிக்கிறதே!

நல்ல கேள்வி, பயிற்சியாளர்களே இதில் தடுமாறுவதுண்டு. தோளை அச்சாகக் கொண்டு சுழலும்போது, மடக்கிய கையின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதற்கு எதிராக அது காட்டும் தடை, குறைவு. ஆகவே குறைந்த விசையில் அது முன்னே வந்துவிடும். நேர்கைக்குக் கூடுதல் விசை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விசை முழுவதும் வீணாவதில்லை. நீண்ட கை வேகமாகச் சுழன்று முன்னே வரும்போது அதில் சேர்ந்த உந்தம், உடலின் உருளலோடு இணைந்து, நீருக்கு அடியில் இழுத்துக்கொண்டிருக்கும் மற்றக் கைக்கு ஒத்துழைக்கிறது. மேலும், மடிகை வீச்சில் கையை மடக்கவும் மீண்டும் நீட்டவும் சிறிது நேரம் கழிகிறது. நேர்கையில் இழுப்பின் முடிவிலிருந்து நீரில் நுழைவது வரை ஒரே தொடர்ச்சியான சுழற்சி. சிலருக்கு இதனாலேயே கைச்சுற்றின் லயம் சீராகவும் வேகமாகவும் அமைகிறது.

இதற்கான விலையும் உண்டு. கை மேலே வீசப்படும்போது உடல் சற்றுக் கீழே அழுத்தப்படும். பக்கவாட்டில் அகலமாக வீசினால் இடுப்பு எதிர்ப்புறம் வளைந்து மீன்வால் போல அலையும். வலுவான ஆறுதட்டு உதைப்பும் இறுக்கமான வயிற்றுத் தசைகளும் உடையவரால் இந்த ஆட்டத்தை அடக்க முடியும். அவை இல்லாதவருக்கு நேர்கை வீச்சு நீரைத் தெறிக்கவைக்குமே அன்றி வேகம் தராது.

5. அப்படியானால் நீருக்கு அடியிலும் கையை நேராக வைத்தே இழுக்கலாமா?

மேலே வீசும் கையின் வடிவமும் கீழே இழுக்கும் கையின் வடிவமும் வெவ்வேறு செய்திகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நேர்கை வீச்சு உடையவர்களில் பலர் நீருக்கு அடியில் முழங்கையை மடக்கியே இழுக்கிறார்கள். பார்வையாளரின் கண் மேலே இருப்பதை மட்டுமே காண்கிறது. உந்துவிசையோ கீழேதான் பிறக்கிறது. என்னிடம் வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருபவை.

இழுப்பைப் பற்றிய கருத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன், கை நீரில் வளைந்து வளைந்து செல்வதைப் படம் பிடித்து, விமானச் சிறகைப் போல ஏற்றுவிசையால் உந்துதல் கிடைக்கிறது என்று விளக்கினார். அதன் விளைவாகப் பல்லாண்டுகள் வீரர்கள் வளைவாக இழுக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரஜத் மித்தல் குழுவினர் கணினி மாதிரிகளைக் கொண்டு ஒப்பிட்டபோது, வளைவு இழுப்பைவிட, கையை ஆழமாக விட்டுத் துடுப்பு போலப் பின்னே தள்ளும் இழுப்பே அதிக உந்துவிசை தருவதாகத் தெரிந்தது.

ஆகவே 50 மீட்டரில் சற்று ஆழமான, சற்று நேரான இழுப்புக்கு இடம் உண்டு. ஆனால் ஆழமாக இழுக்கும்போது மேற்கை முன்னோக்கி நகர்ந்து நீரின் தடையைக் கூட்டுகிறது. தோள்மூட்டின் மீது நெம்புகோல் போலச் சுமை ஏறுகிறது. இருபது சொச்சம் விநாடிகளுக்குத் தாங்கக்கூடிய இந்தச் சுமை, 100 மீட்டரின் கடைசி 25 மீட்டரில் தாங்க முடியாததாகிவிடும்.

6. முன் கை நீண்டு காத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விரைவு வீரர்கள் ஏன் காத்திருப்பதில்லை?

காத்திருந்தால் வேகம் விழுந்துவிடும் என்பதால்தான். ஒரு கையின் இழுப்பு முடிந்து மறுகையின் இழுப்பு தொடங்கும் வரை உந்துதல் இல்லாத ஓர் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியில் உடல் மெதுவாகிறது. நீரின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், மெதுவாக நீந்துபவர் அந்த இடைவெளியில் சிறிது இழக்கிறார். வேகமாக நீந்துபவர் மிகுதியாக இழக்கிறார். எனவே உச்ச வேகத்தில் இரு கைகளின் இழுப்புகளும் ஒன்றன் மேல் ஒன்று சற்றுப் படியும்படி வீரர்கள் தாமாகவே மாறிக்கொள்கிறார்கள்.

தொலைதூரத்தில் சறுக்குவது சிக்கனம். 50 மீட்டரில் சிக்கனத்துக்கு வேலையில்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தவறாகச் சொல்லவில்லை, வேறொரு தொலைவுக்கானதைச் சொன்னார்.

7. சிலர் ஒரு பக்கம் நொண்டுவது போல நீந்துகிறார்கள். அதைத் திருத்த வேண்டாமா?

குதிரையின் பாய்ச்சல் நடையை ஒத்த இந்த முறையில், மூச்செடுக்கும் பக்கத்தில் உடல் சற்று நீண்ட நேரம் சறுக்கும். மறுபக்கக் கை விரைவாக வந்து விழும். மைக்கேல் ஃபெல்ப்ஸின் ஃப்ரீஸ்டைலில் இதைத் தெளிவாகக் காணலாம். வலுவான கைக்கு முழு நீளமும் வலு குறைந்த கைக்குச் சிறிது குறைவான வேலையும் கிடைப்பதால், இயல்பிலேயே ஒரு பக்கம் வலுவானவர்களுக்கு இது பொருந்துகிறது.

இது 200 மீட்டரிலும், ஓரளவு 100 மீட்டரிலும் பயன்படும். 50 மீட்டரில் இதற்கு வாய்ப்புக் குறைவு. காரணம் ஆறாம் கேள்விக்கான பதிலிலேயே இருக்கிறது: சறுக்கும் பக்கம் உந்துதலின் இடைவெளியாகிவிடும். திருத்துவதா என்று கேட்டால், பிறவிப் பாய்ச்சல் நடைக்காரரின் 200 மீட்டரைக் கெடுக்காமல், 50 மீட்டருக்கு மட்டும் சீரான லயத்தைத் தனியாகக் கற்றுக்கொடுப்பேன்.

8. விரல்களைச் சேர்த்து வைக்க வேண்டுமா, விரித்து வைக்க வேண்டுமா?

இறுக்கிச் சேர்க்க வேண்டாம். இயல்பாகத் தளர்த்தினால் எவ்வளவு இடைவெளி வருமோ அவ்வளவு போதும். சிறிய இடைவெளியில் நீர் எளிதாகப் புகுந்து வெளியேற முடியாததால், உள்ளங்கை சற்று அகன்றது போன்ற பயன் கிடைக்கிறது. பயன் சிறியது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

9. 50 மீட்டரை மூச்சே எடுக்காமல் முடிக்க வேண்டும் என்கிறார்கள். கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் உயர்நிலையில் அது வழக்கத்துக்கு மாறானதும் அன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஃப்ளோராங் மனோடு ஒரு முறையும் மூச்செடுக்காமல் 21.34 விநாடியில் வென்றார். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் உடலின் நேர்க்கோடு சற்றுக் குலைகிறது; கைச்சுற்றின் லயமும் ஒரு கணம் தளர்கிறது. 21 விநாடி ஓட்டத்தில் தசைகள் பெரும்பாலும் முன்பே சேமித்துவைத்த ஆற்றலில் இயங்குவதால் அவரால் அது முடிந்தது. 30 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, நடுவில் எடுக்கும் ஓரிரு மூச்சுகள் கடைசி 10 மீட்டரைக் காப்பாற்றும்.

இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தொடங்கும் முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்து விடுவதால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்செடுக்கத் தூண்டுவது அந்த வாயு என்பதால், மூச்சுத் திணறல் தோன்றும் முன்பே நீருக்கடியில் நினைவிழக்க நேரிடும். உயிர்கள் போயிருக்கின்றன. மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள்.

10. கிரால் கைகளோடு டால்பின் உதைப்பைச் சேர்த்தால் இரண்டின் பலனும் கிடைக்காதா?

விதி தடுக்கவில்லை, முதல் பதிலைப் பார்க்கவும். தடுப்பது உடலின் அமைப்பு. கிராலில் உடல் நீளவாட்டு அச்சில் இடமும் வலமுமாக உருள்கிறது. மாற்றி மாற்றி விழும் உதைப்பு அந்த உருளலைச் சமன் செய்கிறது. இரு கால்களையும் சேர்த்து உதைக்கும் டால்பின் உதைப்போ உடலை மேலும் கீழுமாக அலைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். மிகச் சிலர் உருளலைக் குறைத்து, தட்டையாகப் படுத்து, ஒவ்வொரு கை நுழைவுக்கும் ஒரு டால்பின் உதைப்பு என்று பழகி ஓரளவு வேகம் பெறுகிறார்கள். நான் பயிற்றுவித்தவர்களில் அதை 15 மீட்டருக்கு மேல் காப்பாற்றியவர் ஒருவரும் இல்லை. நீர்ப்பரப்புக்கு வந்தவுடன் முதல் கைவீச்சின் போது இன்னும் ஒரே ஒரு டால்பின் உதைப்பைச் சேர்ப்பது மட்டும் பயனுள்ள உத்தி; குதித்துப் பெற்ற வேகத்தை நீச்சலுக்கு மாற்றும் இடம் அது.

11. நீருக்கு அடியில்தான் வேகம் என்றால், அங்கேயே போய்விடலாமே?

அப்படிச் செய்தவர்கள் இருந்ததால்தான் 15 மீட்டர் விதி வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் மார்பு நீச்சலின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தி வென்றார். பிறகு அந்த முறை தடை செய்யப்பட்டது. 1988இல் மல்லாந்து நீந்தும் போட்டியில் டேவிட் பெர்காஃபும் டைச்சி சுசுகியும் நீருக்கடியில் நெடுந்தொலைவு சென்றதை அடுத்து அதற்கும் எல்லை வகுக்கப்பட்டது. ஃப்ரீஸ்டைலுக்கும் பட்டாம்பூச்சிக்கும் அந்த எல்லை 1998இல் வந்தது.

நீர்ப்பரப்பில் செல்லும் உடல் அலையை எழுப்புகிறது. அந்த அலையை எழுப்பும் ஆற்றல் நீந்துபவருடையது. ஏறத்தாழ அரை மீட்டருக்குக் கீழே போனால் அந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. இருந்தாலும் 15 மீட்டரையும் பயன்படுத்துவது எல்லோருக்கும் இலாபம் அன்று. குதித்த வேகம் உங்கள் நீச்சல் வேகத்தின் அளவுக்கு இறங்கும் கணத்தில் மேலே வந்துவிட வேண்டும். உதைப்பு வலுவில்லாதவருக்கு அந்தக் கணம் 8 அல்லது 9 மீட்டரிலேயே வந்துவிடும்.

12. நீருக்கடியில் பக்கவாட்டில் திரும்பி உதைப்பது பற்றிக் கேள்விப்பட்டேன். அது ஏன்?

மீன் உதைப்பு என்று அதை அழைக்கிறார்கள். குப்புற இருந்து உதைக்கும்போது எழும் நீர்ச்சுழல்கள் மேற்பரப்பாலும் குளத்தின் தரையாலும் கலைக்கப்படுகின்றன என்றும், பக்கவாட்டில் உதைத்தால் அவை தடையின்றிப் பரவும் என்றும் விளக்கம் சொல்லப்படுகிறது. 2000 சிட்னியில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி தங்கம் வென்ற மிஸ்டி ஹைமன் இதில் பெயர் பெற்றவர். ஃப்ரீஸ்டைலில் எந்தப் பக்கம் திரும்பியும் உதைக்கலாம். திருப்பத்துக்குப் பின் சுவரை உதைத்துப் புறப்படும்போது உடல் எப்படியும் ஓரளவு பக்கவாட்டில்தான் இருக்கும் என்பதால், முதல் இரண்டு உதைப்புகளை அப்படியே விட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை. 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் நீந்துபவருக்குத் திருப்பமே இல்லை. அவருக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது.

13. கேமரன் மெக்கெவாய் மிகக் குறைவாக நீந்தித்தான் ஒலிம்பிக் வென்றாராமே? நானும் பயிற்சித் தொலைவைக் குறைத்துவிடலாமா?

அவர் குறைத்தது உண்மை. 2016இல் 100 மீட்டரை 47.04 விநாடியில் நீந்தியவர், பின்னர் சரிந்து, சிறிது காலம் விலகியிருந்து, 50 மீட்டருக்கென்றே ஒரு திட்டத்தை வகுத்துத் திரும்பினார்: நீரில் குறைந்த தொலைவு, அதுவும் முழு வேகத்தில், கரையில் கடுமையான வலுப்பயிற்சி. 2023இல் 21.06 விநாடியில் உலகப் பட்டத்தையும், 2024 பாரிஸில் 21.25 விநாடியில் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார்.

ஆனால் பலர் கவனிக்கத் தவறும் செய்தி, அவர் குறைப்பதற்கு முன்பு பல்லாண்டுகள் வழக்கமான பயிற்சியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தியிருந்தார் என்பது. நீரைப் பிடிக்கும் உணர்வு அப்போதே அவர் கைகளில் ஊறிவிட்டது. அந்த உணர்வு இன்னும் வராதவர் தொலைவைக் குறைத்தால் எதைக் கூர்மைப்படுத்துவார்?

14. என் மகளுக்குப் பதினொரு வயது. அவளே கையை நேராக வீசுகிறாள். விட்டுவிடலாமா?

முதலில் ஏன் வீசுகிறாள் என்று பாருங்கள். பெரும்பாலான சிறுவர்கள் உடலை உருட்டத் தெரியாததால், முழங்கையை உயர்த்த முடியாமல் கையை நேராக வீசுகிறார்கள். அது நான்காம் பதிலில் சொன்ன நேர்கை வீச்சு அன்று. தோற்றம் மட்டுமே ஒன்று. உருளலைக் கற்றுக்கொடுத்த பின்னும் அவள் கை நேராகவே வந்து, இடுப்பும் ஆடாமல் இருந்தால், அது அவளுடைய இயல்பு, கைவைக்காதீர்கள். அந்த வயதில் மடிகை வீச்சையும் அறிந்திருப்பது நல்லது. பிற்காலத்தில் 200 மீட்டர்தான் அவளுக்கு ஏற்றது என்று தெரியவரலாம்.

15. நேர்கைக்கு மாறியதிலிருந்து தோள் வலிக்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடுமா?

தசைக் களைப்பு பழகினால் போகும். மூட்டின் முன்புறத்தில் குத்தும் வலி போகாது, வளரும். காரணம் பெரும்பாலும் மேல்வீச்சில் அன்றி நுழைவில்தான் இருக்கும்: கட்டைவிரல் முதலில் விழும்படி கையைத் திருகுவது, அல்லது தலையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் நுழைப்பது. இவ்விரண்டும் தோளின் தசைநாண்களை எலும்புக்கு இடையே நசுக்குகின்றன. தோளுக்கு நேர் முன்னே, உள்ளங்கை கீழ்நோக்கியபடி நுழையுங்கள். அப்போதும் வலி தொடர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

16. சரி, ஒரு முறை எனக்குப் பொருந்துகிறதா என்று எப்படி அறிவது?

முழு 50 மீட்டரை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குதிப்பு, உதைப்பு, அன்றைய மனநிலை எல்லாம் அதில் கலந்துவிடும். குளத்தின் ஓரத்தில் 10 மீட்டர் தொலைவைக் குறித்துக்கொண்டு, முன்பே வேகமெடுத்து வந்து, தலை முதல் குறியைக் கடப்பதிலிருந்து இரண்டாம் குறியைக் கடப்பது வரை ஒருவரை நேரம் எடுக்கச் சொல்லுங்கள். அதோடு மூன்று முழுக் கைச்சுற்றுகளுக்கு ஆகும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு விநாடியில் கடக்கும் தொலைவை ஒரு விநாடியில் விழும் சுற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: பழைய முறையில் 10 மீட்டருக்கு 5.6 விநாடி, நிமிடத்துக்கு 50 சுற்று. சுற்றின் நீளம் ஏறத்தாழ 2.14 மீட்டர். புதிய முறையில் 5.5 விநாடி, 56 சுற்று, நீளம் 1.95 மீட்டர். ஒவ்வொரு முறையிலும் ஆறு ஓட்டங்கள், இடையில் முழு ஓய்வு, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒரே முறையை முதலில் முடித்துவிட்டு மற்றதை ஓட்டினால் களைப்பையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

17. மேலே சொன்ன கணக்கில் வேகம் கூடியது, சுற்றின் நீளம் குறைந்தது. இது இலாபமா, நட்டமா?

50 மீட்டருக்கு, அந்த 56 சுற்றைக் கடைசி 15 மீட்டரிலும் காப்பாற்ற முடிந்தால், இலாபம். முடியாவிட்டால் நீளமும் போய், சுற்றும் போய், பழைய முறையைவிட மெதுவாக முடிப்பீர்கள். ஆகவே பதினாறாம் பதிலில் சொன்ன சோதனையை, 35 மீட்டர் முழு வேகத்தில் நீந்திய பிறகு வரும் 10 மீட்டரில் இன்னொரு நாள் செய்து பாருங்கள். உயர்நிலை வீரர்கள் 50 மீட்டரில் நிமிடத்துக்கு 60 சுற்றையொட்டி ஓடுகிறார்கள். அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது அந்த எண் அன்று; அந்த எண்ணில் ஓடும்போதும் கை நீரில் வழுக்காமல் பிடித்து நிற்பதுதான்.

100 மீட்டருக்கு என் பதில் வேறு. முதல் 75 மீட்டரை நீண்ட மடிகை வீச்சில் நீந்தி, கால்களும் நீர்ப்பிடியும் தளரத் தொடங்கும் இடத்தில் நேர்கைக்கு மாறி லயத்தைக் காப்பாற்றுவது பலருக்குப் பொருந்துகிறது. இந்த மாற்றத்தையும் களைப்பில் தானாக வரும் என்று விட்டுவிடாமல், எந்த மீட்டரில், எந்தக் கையில் தொடங்குவது என்று குறித்துக்கொண்டு பயிற்சியிலேயே பழக வேண்டும்.